காவேரிப்பட்டணத்துக்கு காவேரி வந்த கதை

எங்க ஊர் பேரை சொன்னதும் வெளியூர்க்காரங்க மொதல்ல கேக்கறது, "ஓ, அப்ப உங்க ஊர்ல காவேரி ஓடுதா?"ன்னு தான். சின்ன வயசுல இருந்து பதில் சொல்லி சொல்லி வாய் பழகிடுச்சு. இல்லைங்க, எங்க ஊர்ல ஓடறது தென்பெண்ணை, காவேரி அந்தப்பக்கம் ஒகேனக்கல்ல ஓடுது, கோவலன் கண்ணகி ஊரும் நாங்க இல்ல, அது கடலோரம், நாங்க கிருஷ்ணகிரியில இருந்து தருமபுரி போற வழியில ஆத்தங்கரையில இருக்கற ஊருன்னு ஒரு மூச்சுல சொல்லி முடிச்சிடுவேன். பேருக்கு ஏன் காவேரின்னு வந்துச்சுன்னு ஊருக்குள்ள ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க, அதுக்குள்ள இப்ப போகல. போன ரெண்டு வருஷமா இந்த பதிலை என்னால முன்ன மாதிரி சொல்ல முடியறதில்ல, அது ஏன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். ஆனா அதுக்கு முன்னாடி அப்பாவோட காரியத்துல இருந்து தொடங்கணும், எனக்கு எல்லாம் அங்க இருந்து தான் தொடங்குச்சு.

2019 மே மாசம் அப்பா போயிட்டாரு. மூணாம் நாள் காலையில எலும்பு பொறுக்கி, பால் ஊத்தி, மண் சட்டியில சாம்பலை எடுத்துக்கிட்டு பங்காளிங்க எட்டு பேர் ஆத்துக்கு போனோம். ஆத்துல தண்ணி இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், மே மாசத்துல எந்த வருஷம் இருந்துச்சு, ஆனா எங்கயாவது ஒரு குட்டை இருக்கும்னு நெனச்சிருந்தோம். சீமைக்கருவேலத்துக்கு நடுவுல ஒரு குட்டை இருந்துச்சு தான். பச்சையா பாசி பிடிச்சு, கறிக்கடை கழிவு மூட்டை மூட்டையா கெடந்துச்சு. பெரியப்பா அதை எட்டி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்தாரு, ஒரு பையனை கூப்பிட்டு காதுல ஏதோ சொல்லி அனுப்புனாரு. பத்து நிமிஷத்துல அந்த பையன் டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி ரெண்டு கேன் வச்சுக்கிட்டு வந்து எறங்கினான், 20 லிட்டர் கேன், கடையில குடிக்கறதுக்கு விக்கறாங்க இல்ல, அது. ஆத்துக்கு நடுவுல மம்முட்டியால ஒரு குழி வெட்டி அதுல அந்த தண்ணியை ஊத்துனாங்க. நான் குனிஞ்சு சாம்பலை கரைச்சேன். ரெண்டு நிமிஷம் கூட இல்ல, மண்ணு தண்ணியை குடிச்சிடுச்சு. குழிக்குள்ள சாம்பல் மட்டும் சேறு மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. ரெண்டாவது கேனையும் ஊத்துனோம், அதுவும் போச்சு. கடைசியில கையாலயே மண்ணைத் தள்ளி மூடினேன். "என்னா பண்றது சாமி, இப்ப எல்லாருக்கும் இப்படி தான்"னு பெரியப்பா தோள்ல கை வச்சாரு. சிமெண்ட்டு சாக்கு, பீர் பாட்டில், அதுக்கு நடுவுல எங்கப்பா. அவருக்கு நீச்சல் கத்துக் குடுத்த ஆறு அது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே ஒரு கேள்வி தான் கேட்டுச்சு. "தண்ணி இருந்துதா?" நான் இருந்துதும்மான்னு சொன்னேன். "ஓடுச்சா?" ஓடுச்சும்மா, கொஞ்சமா ஓடுச்சுன்னு சொன்னேன். அம்மா தலையை ஆட்டிட்டு உள்ள போயிடுச்சு. அந்த பொய்யை அஞ்சு வருஷத்துக்கு மேல நான் சுமந்துக்கிட்டு இருந்தேன்.

ஆத்தங்கரைன்னா எங்களுக்கு என்ன

எங்க ஊர் பழைய ஊரு. கோட்டை இருந்த ஊரு. பாராமகால்னு அப்ப சொன்ன எங்க கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக்காக இங்கிலீஷ்காரனும் மைசூரும் அடிச்சுக்கிட்ட காலத்துல, 1767ல, மொதல்ல கர்னல் ஸ்மித் படை எங்க ஊர் கோட்டையை பிடிச்சுச்சு, சில மாசத்துலயே ஹைதர் அலி வந்து திருப்பி எடுத்துக்கிட்டாரு, அதுக்கப்புறம் தான் செங்கம், திருவண்ணாமலைன்னு சண்டை நகந்து போச்சு. 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல மொத்த பாராமகாலும் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போயிடுச்சு. ஸ்கூல்ல இதெல்லாம் ஒரு பாராவுல முடிஞ்சிடும், எங்க ஊர் பேரு பாடத்துல வருதுன்னு நாங்க அண்டர்லைன் பண்ணி வச்சுக்குவோம். நான் சொல்ல வர்றது என்னன்னா, ஒரு படை வந்து தங்கணும்னா குதிரைக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் தண்ணி வேணும், அந்த தண்ணி எங்க ஆத்துல இருந்துச்சு. ஆத்தோட கொஞ்சம் நடந்தா பெண்ணேஸ்வரமடம், அங்க இருக்கற சாமிக்கு பேரே பெண்ணை ஆத்தை வச்சு தான், கோயில் செவுத்துல கல்வெட்டு இருக்கு. இன்னொரு பக்கம் நெடுங்கல் அணைக்கட்டு, அங்க இருந்து வாய்க்கால்ல போற தண்ணி தான் பாரூர் பெரிய ஏரியை ரொப்புது. நந்தி மலையில பொறந்து, கொடியாளம் கிட்ட தமிழ்நாட்டுக்குள்ள வந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி டேம் தாண்டி எங்களைத் தொட்டுட்டு அப்புறம் சாத்தனூர், திருக்கோவிலூர், கடலூர்னு போற ஆறு. வழியில எத்தனையோ ஊரு அதோட கரையில ஒக்காந்திருக்கு, நாங்க அதுல ஒரு சின்ன ஊரு.

ஆனா எனக்கு கோட்டையை விட அம்மா சொன்ன கரை தான் முக்கியம். படித்துறைன்னு பெருசா, கும்பகோணத்துல இருக்கற மாதிரி மண்டபம் எல்லாம் வச்சு, எங்க தெரு பக்கம் ஒண்ணும் கிடையாது. கருங்கல்லு பாளத்தை வரிசையா எறக்கி போட்டிருப்பாங்க, ஏழு கல்லு, பக்கத்துல துவைக்கறதுக்கு சாய்வா ஒரு பெரிய கல்லு, அவ்வளவு தான். எங்க பக்கம் கல்லுக்கு பஞ்சமா. அம்மா கல்யாணம் ஆகி வந்த புதுசுல காலையில அஞ்சு மணிக்கு துணி மூட்டையோட ஆயா கூட போகுமாம். கோடையில தண்ணி ஒரு ஓரமா ஒதுங்கிடும், அப்ப மணல்ல முழங்கை அளவுக்கு ஊத்து தோண்டுனா கண்ணாடி மாதிரி தண்ணி ஊறும், சொம்புல மொண்டு மொண்டு கொடத்துல ஊத்தி தலையில வச்சுக்கிட்டு வருவாங்க. ஆடி பதினெட்டு வந்தா ஊரே ஆத்துல தான். சுத்துப்பட்டு ஊர்ல இருந்து சாமியை, வேலு கத்தி சூலம் எல்லாத்தையும் மேளத்தோட எடுத்தாந்து ஆத்துல கழுவி பூசை பண்ணி எடுத்துக்கிட்டு போவாங்க. பொம்பளைங்க புது மஞ்சக்கயிறு மாத்திக்குவாங்க. அம்மாவுக்கு ஆறுன்னா அந்த மஞ்சக்கயிறு தான். அதனாலயே அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா ஆத்துப் பக்கமே போகல. நான் கூப்பிட்டுப் பாத்தேன், "எனக்கு அங்க என்னா வேலை"ன்னுச்சு.

இன்னிக்கும் ஊர் மொத்தமா ஆத்துக்கு எறங்கறது மயானக்கொள்ளை அன்னிக்கு தான். மாசியில சிவராத்திரி முடிஞ்சு அங்காளம்மன் பொறப்பட்டு ஆத்தங்கரை சுடுகாட்டுக்கு வரும்போது கூட்டத்துல மண்ணு தெரியாது, காளி வேஷம் கட்டினவங்க, பொரி, உப்பு மெளகு, காய்கறி, கோழின்னு சூறை விடறது, அதை பிடிக்கறதுக்கு ஓடற ஜனம். அன்னிக்கு கரையில நின்னு பாத்தா இந்த ஊர் ஆத்தை விட்டுடுச்சுன்னு யாரும் நம்ப மாட்டாங்க. மறுநாள் காலையில அதே எடத்துல நாயைத் தவிர ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

ஏன் விட்டோம்

நான் ரொம்ப நாளா இதுக்கு கிருஷ்ணகிரி டேமை தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன். காமராஜர் முதல்வரா இருந்தப்ப கட்டுன டேம், 52 அடி, வலது எடது கால்வாய்ல 9,000 ஏக்கர் பாயுது, அதை நம்பி எத்தனையோ குடும்பம் நெல்லு நட்டு சாப்பிடுது. டேம் கட்டுனதுக்கு அப்புறமும் அம்மா முப்பது வருஷம் அந்த கல்லுல துணி துவைச்சிருக்கு. அப்ப டேம் மட்டும் காரணம் இல்ல இல்லையா.

மணல் போனது தான் பெரிய அடின்னு இப்ப எனக்கு தோணுது. ஆத்து மணலு சும்மா கெடக்கற பொருள் இல்ல, அது ஒரு தொட்டி. மழை வந்து ஆறு ஓடி நின்னதுக்கு அப்புறமும் மணலு மாசக்கணக்குல தண்ணியை வச்சிருக்கும், அந்த ஊத்து அதனால தான் ஊறுச்சு, கரையோர கெணறு எல்லாம் அதனால தான் வத்தாம இருந்துச்சு. வண்டி வண்டியா, அப்புறம் லாரி லாரியா அள்ளுனதுக்கு அப்புறம் அடியில இருந்த களிமண்ணும் பாறையும் தான் மிச்சம். அதுல கருவேலம் மொளைச்சுது. எங்கப்பா சாம்பல் கரையாம நின்னது ஆத்து மணல்ல இல்ல, அந்த அடி மண்ணுல. ஆத்துல அள்ள மணல் இல்லன்னதும் இப்ப மலையை ஒடைச்சு கல்லை அரைச்சு எம் சாண்ட்டுன்னு பண்றாங்க, எங்க மாவட்டத்துல ரோட்டுல போனா எதுத்தாப்ல வர்ற லாரியில பாதி அது தான்.

இன்னொண்ணு சொன்னா எங்க ஊர்க்காரங்களுக்கு கோவம் வரும், ஆனா சொல்லணும். வீட்டுக்கு வீடு கொழாய் வந்ததும் நாம கரையை விட்டோம். எங்க கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, பல்லு மஞ்சளா கறை பிடிச்ச பசங்க என் கிளாஸ்லயே இருந்தாங்க, எலும்பு வளைஞ்சு நடக்க முடியாம போன பெரியவங்களை கிராமத்துல பாத்திருக்கேன். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் வந்துச்சு, காவேரி தண்ணி பைப்புல வந்துச்சு. எவ்வளவு பெரிய விஷயம் அது, நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனா கொழாய்ல காவேரி வந்ததும் ஆத்துல பெண்ணை இருக்கா இல்லையான்னு பாக்கற அவசியம் போயிடுச்சு. கொடத்தோட ஒரு பொம்பள தினம் ஆத்துக்கு போனா, குப்பை கொட்டறவனை தினம் ஒருத்தர் கேள்வி கேப்பாங்க. அந்த கண்ணு போச்சு. கேக்க ஆள் இல்லாத எடத்துல தான் கறிக்கடை மூட்டை வந்து விழுது.

ஈஜிபுராவுல தெரு வெட்டுனப்ப

இப்ப நான் மொதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். நான் வேலை பாக்கறது பெங்களூர்ல, எங்க ஊர்ல பாதி பேரு அங்க தான் இருக்கான், சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை பாத்தா தெரியும். குடியிருக்கறது ஈஜிபுராவுல ஒரு வாடகை வீடு. 2024ல, அந்த வருஷம் மார்ச்ல தான் பெங்களூரே தண்ணி இல்லாம தவிச்சுச்சு, அதுக்கு ஒரு ரெண்டு மாசம் கழிச்சு, எங்க தெருவுல கழிவுநீர் லைன் ஒடைஞ்சு போய் ரோட்டை வெட்டி புது பைப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வேலை பாத்த மேஸ்திரி தமிழ் பேசுனாரு, கேட்டா ஊத்தங்கரை பக்கம். நம்ம மாவட்டம்னு சந்தோஷத்துல டீ வாங்கி குடுத்து பேசிக்கிட்டு இருந்தேன். சும்மா பேச்சுக்கு தான் கேட்டேன், அண்ணா, இந்த தண்ணியெல்லாம் கடைசியில எங்க போகுதுன்னு. அவர் டீயை குடிச்சுக்கிட்டே சொன்னாரு: "இங்கிருந்து பெல்லந்தூர் ஏரி, அங்கிருந்து வர்த்தூர் ஏரி, அது தாண்டுனா பெண்ணை ஆறு. அப்புறம் எங்க போவும், நம்ம கிருஷ்ணகிரிக்கு தான் வரும்."

எனக்கு இது தெரியாத விஷயம் இல்ல. பெல்லந்தூர் ஏரியில நுரை பொங்கறதையும் தீப்பிடிக்கறதையும் டிவியில பாத்தவன் தான். கெலவரப்பள்ளி டேம்ல தண்ணி தெறந்தா ஓசூர் பக்கம் பாலத்து மேல வெள்ளையா ஆள் ஒயரத்துக்கு நுரை நிக்கும், அதை வருஷா வருஷம் பேப்பர்ல படிக்கறவன் தான். துணி சோப்பு, பாத்திரம் கழுவற சோப்பு எல்லாம் முழுசா சுத்தம் ஆகாம வருது, ஷட்டர்ல இருந்து விழறப்ப காத்து கலந்து பொங்குது, அவ்வளவு தான் அதுல ரகசியம். மிச்சம் இருக்கற சத்தை தின்னுட்டு ஆகாயத்தாமரை தழைக்குது, சில வருஷம் எங்க டேம் தண்ணியே பச்சையா மாறிடும், நாத்தம் தாங்காது. எல்லாம் தெரியும். ஆனா அதுல நான் இருக்கேன்னு அன்னிக்கு வரைக்கும் தெரியல. பெங்களூர்க்காரன் பண்றான்னு தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பதிமூணு வருஷமா அங்க குளிச்சு, துவைச்சு, கழுவி விட்டது நான் தானே.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. படுத்துக்கிட்டே யோசிச்சப்ப இன்னொண்ணு பொறி தட்டுச்சு. எங்க வீட்டு கொழாய்ல வர்ற தண்ணி எது? காவேரி. வீட்டுக்காரம்மா வாடகை சொல்லும்போதே "காவேரி கனெக்‌ஷன் இருக்கு"ன்னு பெருமையா சொல்லி தான் ஐநூறு ரூபா ஏத்துனாங்க. தொரேகாடனஹள்ளியில எடுத்து, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், மூணு எடத்துல பம்ப் பண்ணி மேட்டுக்கு ஏத்தி பெங்களூருக்கு கொண்டு வர்ற தண்ணி. அது காவேரி ஆத்துலயே விட்டிருந்தா ஒகேனக்கல், மேட்டூர்னு போயிருக்கும். பெங்களூர் மேட்டுல ஏறினதால, எங்க பக்கத்து சாக்கடையில விழுந்தா அது கெழக்கால சரிஞ்சு பெண்ணையில சேருது. பெண்ணை எங்க ஊருக்கு வருது. அப்ப எங்க ஊர் ஆத்துல கோடையில கொஞ்சூண்டு கசியற தண்ணியில காவேரியும் இருக்கு. உங்க ஊர்ல காவேரி ஓடுதான்னு கேட்ட அத்தனை பேருக்கும் நாப்பது வருஷமா இல்ல இல்லன்னு சொன்னேனே, ஓடுதுங்க. நாங்க குளிச்ச தண்ணியா ஓடுது.

இதுக்கு பெங்களூர் ஒண்ணுமே பண்ணலன்னு சொல்ல முடியாது. 2018ல இருந்து கோரமங்களா - செல்லகட்டா பக்கத்து கழிவு தண்ணியை சுத்தம் பண்ணி கோலார் ஏரிங்களுக்கு பம்ப் பண்றாங்க, அங்க காஞ்சு கெடந்த ஏரியெல்லாம் ரொம்பியிருக்கு. அதே நேரத்துல 2024 அக்டோபர்ல காவேரி அஞ்சாவது கட்டம் தொடங்கி இன்னும் 77 கோடி லிட்டருக்கு மேல ஒரு நாளைக்கு வர வழி பண்ணிட்டாங்க. உள்ள வர்றது ஏறுனா வெளிய போறதும் ஏறும். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகாவுக்கும் பெண்ணையில நடக்கற கேஸு எல்லாம் தண்ணி எவ்வளவு வரும்ங்கறதை பத்தி தான் பெரும்பாலும், பெண்ணையில சேர்ற மார்க்கண்டேய ஆத்துல கர்நாடகா கட்டுன யார்கோள் அணைக்கு எதிரா போட்ட மனு 2019ல உச்ச நீதிமன்றத்துல தள்ளுபடி ஆச்சு. எவ்வளவு வருதுங்கறதை கேக்க வேண்டியது தான். எப்படி வருதுங்கறதையும் அதே வேகத்துல கேக்கணும்னு எனக்கு ஆசை.

ஏழு கல்லு

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையை கடந்துச்சு, கடந்துட்டு போகாம உள்ள வந்து நின்னு எங்க மாவட்டத்துல கொட்டுச்சு. ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், பஸ் ஸ்டாண்டுல நின்ன வண்டியெல்லாம் உருண்டு போனதை எல்லாரும் பாத்திருப்பீங்க. எங்க பக்கம் அந்த அளவு இல்ல, ஆனா ஆறு வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு நான் லீவுல ஊருக்கு போனப்ப கரையை பாக்கப் போனேன். எங்க தெரு முடியற எடத்துல இருந்த குப்பை மேடு பாதியைக் காணோம், கருவேலம் வேரோட பெயர்ந்து கெடக்குது, அந்த பள்ளத்துல ஒரு கருங்கல்லு மூலை மட்டும் மண்ணுல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கல்லு மேல கையை வச்சு பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு. போன்ல படம் எடுத்துக்கிட்டு வந்தேன்.

அம்மா அடுப்பங்கரையில இருந்துச்சு. படத்தை காட்டி, படிக்கல்லு கெடைச்சிடுச்சு போலம்மான்னு சொன்னேன். அம்மா போனை வாங்கி ரெண்டு வெரலால பெருசாக்கி பாத்துச்சு, கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு மறுபடி பாத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, "இது படி இல்லடா. இது தொவைக்கற கல்லு. படி இதுக்கு மேக்கால, நாலு எட்டு தள்ளி இருக்குது." எப்படிம்மா இவ்வளவு கரெக்டா சொல்றேன்னு கேட்டா, "முப்பது வருஷம் அதுல அடிச்சு தொவைச்சிருக்கேன், எனக்கு தெரியாதா"ன்னுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. போனை திருப்பி குடுத்துட்டு, அடுப்பை சின்னதா வச்சுட்டு, என் மூஞ்சியை பாக்காமலே சொல்லுச்சு: "உங்கப்பாவுக்கு கேன் தண்ணி ஊத்துனீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. தண்ணி கேன் போடற பையனோட அம்மா தான் வந்து சொன்னா. நீ ஓடுச்சுன்னு சொன்ன பாரு, சரி, புள்ள சொல்றான், ஓடுச்சுன்னே வச்சுக்குவோம்னு வச்சுக்கிட்டேன்." எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம அப்படியே தரையில ஒக்காந்துட்டேன். அம்மா தட்டுல ரெண்டு நிப்பட்டு வச்சு என் முன்னாடி தள்ளிட்டு, "எனக்கு அப்படி பண்ணிடாத"ன்னுச்சு. அவ்வளவு தான், அதுக்கு மேல அதை பத்தி பேச்சு இல்ல.

மறுநாள் காலையில நான் மம்முட்டி எடுத்துக்கிட்டு கெளம்பறப்ப அம்மாவும் செருப்பை போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு. அஞ்சரை வருஷம் கழிச்சு ஆத்துக்கு வந்துச்சு. வழி பூரா பேசல. கரைக்கு வந்து நின்னு, பூவரச மரம் இருந்த எடம் எதுன்னு தேடுச்சு, மரம் இல்ல, அடிக்கட்டை இருந்துச்சு. அங்க இருந்து எட்டு வச்சு நடந்து ஒரு எடத்துல நின்னு காலால தட்டி, "இங்க வெட்டு"ன்னுச்சு. ஒரு அடி, ஒன்றரை அடி, பிளாஸ்டிக் தான் வருது, கவர் மேல கவரு. ரெண்டடியில மம்முட்டி டங்குன்னு கல்லுல பட்டுச்சு. எனக்கு ஒடம்பு சிலிர்த்துடுச்சு. சத்தம் கேட்டு தெருவுல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க, அப்புறம் பெயிண்டர் அண்ணன் ஒருத்தர் வந்து கடப்பாரையை வாங்கிக்கிட்டாரு, "எங்கம்மா இதுல தான் என்னை குளிப்பாட்டும்"னு சொல்லிக்கிட்டே வெட்டுனாரு. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ரெண்டு கல்லு.

அதுக்கப்புறம் நான் ஊருக்கு போற ஞாயித்துக்கிழமை எல்லாம் இது தான் வேலை. சங்கம் கிடையாது, போர்டு கிடையாது, வாட்ஸ்ஆப் குரூப் ஒண்ணு இருக்கு, அதுலயும் குட் மார்னிங் படம் தான் ஜாஸ்தி. ஒரு வாரம் பத்து பேர் வருவாங்க, ஒரு வாரம் ரெண்டு பேர். ஜூன் மாசம் வரைக்கும் அஞ்சு கல்லு வெளிய எடுத்தோம், துவைக்கற கல்லை நேரா நிமித்தி வச்சோம். குப்பை கொட்ட வந்த வண்டிக்காரர் கிட்ட சண்டை போடல, அம்மா வயசு பொம்பளைங்க நாலு பேர் கல்லு மேல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க, அவர் வேற பக்கம் போயிட்டாரு. வேற பக்கம் போய் கொட்டியிருப்பாரு, அது தெரியும்.

இடையில ஒரு பேச்சு கெளம்புச்சு. இவ்வளவு தூரம் சுத்தம் பண்ணிட்டோம், மனு குடுத்து டைல்ஸ் போட்ட நடைபாதை, கலர் லைட்டு, செல்ஃபி எடுக்க ஊர் பேரு எழுதுன போர்டு எல்லாம் வாங்கிடலாம்னு. ஆசையா தான் சொல்றாங்க, தப்பா சொல்ல மாட்டேன், கிருஷ்ணகிரி டேம் பார்க்குல ஞாயித்துக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வர்ற கூட்டத்தை பாத்தா நம்ம ஊருக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு யாருக்கும் தோணும். ஆனா எனக்கு மனசு ஒப்பல. கைப்பிடி கம்பி போட்டு மேல இருந்து வேடிக்கை பாக்கற மாதிரி கரையை கட்டிட்டா, கீழ என்ன ஓடுதுன்னு யாருக்கு கவலை. தண்ணியில கால் வைக்கறவனுக்கு தான் அரிக்கும், அரிச்சா தான் ஏன் அரிக்குதுன்னு கேப்பான். அம்மா கிட்ட இதை பத்தி சொன்னப்ப, "லைட்டு கம்பத்தை வச்சு நான் என்னா பண்றது, பூசை சாமானை எறக்கி வைக்க மேல ஒரு திட்டு கட்ட சொல்லு"ன்னுச்சு. மனுவுல நாங்க திட்டையும், தெரு சாக்கடை நேரா ஆத்துல விழற எடத்துல ஒரு தடுப்பையும் தான் கேட்டிருக்கோம். எங்க தெரு சாக்கடையும் அதுல தானே விழுது, பெங்களூரை மட்டும் சொல்லி என்ன.

2025 ஆடி பதினெட்டு ஞாயித்துக்கிழமை வந்துச்சு, ஆகஸ்ட் 3. ஆத்துல முழங்கால் அளவு தண்ணி. சுத்தமான தண்ணின்னு சொல்ல மாட்டேன், லேசா ஒரு வாடை இருந்துச்சு, கரையோரம் கல்லுல பட்டு திரும்பற எடத்துல வெள்ளையா கோடு கட்டி நின்னுச்சு நுரை. குளிக்கலாமா வேணாமான்னு நான் நின்னு யோசிச்சேன், என் பொண்ணை எறக்க மனசு வரல, கரையிலயே நிக்க வச்சேன். அது சரியா தப்பான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல, இந்த ஆறு மறுபடி ஊருக்கு வேணும்னு பேசறவன் சொந்த பொண்ணை தண்ணியில விடலன்னா அது என்ன நியாயம்னு ஒரு மனசு கேக்குது, தெரிஞ்சே புள்ளையை சாக்கடை கலந்த தண்ணியில எறக்கறியான்னு இன்னொரு மனசு கேக்குது. நான் எறங்கினேன். மூணு முழுக்கு போட்டேன். எதோ ஒரு ஊர்ல இருந்து சின்ன மேளத்தோட ஒரு வேலும் ரெண்டு கத்தியும் எடுத்தாந்தவங்க, மேல எடம் இல்லாம எங்க கல்லுக்கு வந்து, "இங்க கழுவிக்கலாமாங்க"ன்னு கேட்டாங்க. கழுவுங்க கழுவுங்கன்னு நாலு பேர் ஒரே நேரத்துல சொன்னோம்.

அம்மா மஞ்சக்கயிறு மாத்தற கூட்டத்துக்கு அந்தப்பக்கம் போகல. துவைக்கற கல்லு கிட்ட போய், அப்பாவோட ஒரு வேட்டியை கட்டப்பையில எடுத்தாந்திருக்கு, எனக்கு தெரியாது, அதை தண்ணியில முக்கி சோப்பு போடாம நாலு அடி அடிச்சு அலசி எடுத்துச்சு. என்னை ஒரு முனையை பிடிக்க சொல்லி முறுக்கிப் பிழிஞ்சோம். ஈரம் சொட்ட சொட்ட தோள்ல போட்டுக்கிட்டு கல்லுல ஏறறப்ப, அஞ்சாவது கல்லுல நின்னு கீழ பாத்து எண்ணுச்சு. "இன்னும் ரெண்டு இருக்குது. தண்ணி வத்துனா எடுத்துடுங்க"ன்னுச்சு. இதை எழுதற இந்த வாரம் வரைக்கும் அந்த ரெண்டு கல்லு தண்ணிக்குள்ள தான் இருக்கு.